டிகிரி காலாவதி ஆகுற கதை: கனடா வந்தவங்களுக்கு படிச்ச வேலை ஏன் லேசுல அமையறதில்ல

டொரொன்டோ பக்கம் நாலு தமிழாளுங்க கூடுனா இந்தக் கதை எப்படியும் வந்துடும், "டாக்ஸில ஏறினேன், டிரைவர் ஊர்ல டாக்டராம்". நானும் சொல்லிருக்கேன். ஆனா இத கவர்மென்ட்டே ஒரு தடவ எண்ணிப் பாத்துச்சு, 2006 சென்சஸ வச்சு குடிவரவுத் துறை 2012ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, கனடாவுல டாக்ஸி ஓட்டுறது யாருன்னு. சுமார் 50 ஆயிரம் டிரைவருங்க, அதுல பாதிப்பேர் வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க, மருத்துவமோ பிஎச்டியோ முடிச்சவங்க மொத்தமே 255 பேர், அதுல 200 பேர் வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க. அதாவது கதை பொய்யில்ல, ஆனா அந்த டாக்டர் டிரைவர் ரொம்ப அபூர்வம். அவர வச்சே பேசிட்டு இருந்ததுல நிஜமான கூட்டம் நம்ம கண்ணுல படாமலே போயிடுச்சு. பத்து வருஷம் பிரிட்ஜ் டிசைன் பண்ணவர் இங்க ட்ராஃப்டிங் மட்டும் பண்றாரு, ஐசியு நர்ஸ் முதியோர் இல்லத்துல பிஎஸ்டபிள்யூவா, அதாவது நோயாளிய கூட இருந்து பாத்துக்குற உதவியாளரா இருக்காங்க, ஆடிட்டர் டேட்டா என்ட்ரி பாக்குறாரு. யாரும் ரோட்டுல நிக்கல, எல்லாருக்கும் சம்பளம் வருது, அதனாலயே யாரும் இத ஒரு பிரச்சனையா பாக்குறதில்ல.

"கனடாக்காரனுக்கு நம்ம டிகிரி மதிப்பில்ல"ன்னு ஒரு வரில முடிச்சிடுவாங்க நம்மாளுங்க. அது முழுசா சரியில்லன்னு தான் எனக்கு தோணுது. மதிப்பு போடுறாங்க, நல்லாவே போடுறாங்க, ஆனா போடுறவங்க வேற, வேலைக்கு கதவ தொறக்குறவங்க வேற.

1967ல கனடா பாயிண்ட் சிஸ்டம் கொண்டு வந்துச்சு, எந்த நாட்டுக்காரன்னு பாக்காம படிப்பு, வயசு, மொழிக்கு மார்க் போட்டு ஆள் எடுக்குறது. 2015 ஜனவரிலேர்ந்து அது எக்ஸ்பிரஸ் என்ட்ரியா மாறிடுச்சு, தனியா அப்ளை பண்றவருக்கு பேச்சலர் டிகிரிக்கு 120, மாஸ்டர்ஸுக்கு 135, பிஎச்டிக்கு 150 பாயிண்ட். இத குடுக்குறது ஒட்டாவால இருக்குற மத்திய அரசு. ஆனா யார் டாக்டரா, நர்ஸா, இன்ஜினியரா, வாத்தியாரா வேலை பாக்கலாம்ங்கறது மாகாணத்தோட அதிகாரம், 1867 அரசியல் சட்டத்துலேர்ந்தே அப்படித்தான். மாகாணமும் அத தன் கையில வச்சுக்கல, அந்தந்த தொழில்காரங்களே நடத்துற கவுன்சிலுக்கு குடுத்துடுச்சு. ஒன்டாரியோவுல பாதிக்கு மேல இதுங்களுக்கு பேரு "காலேஜ்", காலேஜ் ஆஃப் நர்சஸ், காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அண்ட் சர்ஜன்ஸ் இப்படி. புதுசா வர்றவங்க இது ஏதோ படிக்குற இடம்னு நெனச்சு அட்மிஷன் கேட்டு மெயில் போட்டத நான் பாத்திருக்கேன், சிரிக்கக்கூடாது, பேர் அப்படித்தான் வச்சிருக்காங்க.

இந்த இடைவெளில தான் முதல் குழப்பமே ஆரம்பிக்குது. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஈசிஏ ரிப்போர்ட் வேணும், நம்ம டிகிரி கனடாவுல எதுக்கு சமம்னு மதிப்பிடுற காகிதம், நம்மள்ல நெறைய பேர் டபிள்யூஇஎஸ்ங்கற அமைப்புல பண்ணுவோம், அதுல "கனேடிய பேச்சலர் டிகிரிக்கு சமம்"னு வந்ததும் வீட்டுல ஸ்வீட்டே வாங்கிருவோம். அந்தக் காகிதம் விசாவுக்கு பாயிண்ட் போட மட்டும் தான், லைசென்ஸ் குடுக்குற கவுன்சில் அத கண்டுக்கவே வேண்டியதில்ல, அவங்க திரும்ப முதல்லேர்ந்து மார்க்ஷீட் கேப்பாங்க, சிலபஸ் கேப்பாங்க, ஊர் கவுன்சில்லேர்ந்து நேரடியா கவர்ல வரணும்பாங்க. விசாவுக்கு அந்த ரிப்போர்ட்டு 5 வருஷம் தான் செல்லும், ஐஇஎல்டிஎஸ் மார்க் 2 வருஷம். இதுல எல்லாத்துக்கும் மருந்து பாட்டில் மாதிரி ஒரு எக்ஸ்பைரி டேட் இருக்கு, அது தான் நான் சொல்ல வர்ற விஷயம்.

நர்ஸ எடுத்துக்கங்க. ஒன்டாரியோவுல பதிவு பண்ணணும்னா கடைசி 3 வருஷத்துக்குள்ள நர்ஸா வேலை பாத்ததுக்கு ஆதாரம் காட்டணும். காரணம் நியாயமானது தான், பத்து வருஷம் ஊசி போடாதவங்க கையில யாரும் கைய நீட்ட மாட்டோம். ஆனா இத ஒரு குடும்பத்துல வச்சுப் பாருங்க. ஊர்ல பதினஞ்சு வருஷ அனுபவத்தோட ஒரு அக்கா வர்றாங்க, ரெண்டு புள்ளைங்க, பேஸ்மென்ட் வாடகை, வந்த மாசமே பிஎஸ்டபிள்யூ கோர்ஸ்ல சேர்ந்து ஆறேழு மாசத்துல வேலைக்கு போயிடுறாங்க, "செட்டில் ஆனதும் நர்சிங் பாத்துக்கலாம்"னு. பேப்பர் அனுப்பி அது திரும்பி வரவே எத்தன மாசம், இங்கிலீஷ் டெஸ்ட், பரீட்சை, இதெல்லாம் டபுள் ஷிப்ட்டுக்கு நடுவுல. மூணு வருஷம் எப்ப ஓடுச்சுன்னே தெரியாது. அப்புறம் அப்ளை பண்ணா "சமீபத்துல நீங்க நர்ஸா வேலை பாக்கலையே"ங்கறாங்க. பாக்க விட்டாத்தானே பாக்குறதுக்கு! பிஎஸ்டபிள்யூவா தினமும் நோயாளியத் தூக்கி உக்கார வச்சு, மருந்து நேரம் ஞாபகப்படுத்தி, எல்லாம் பண்ணாங்க, ஆனா அது நர்சிங் கணக்குல சேராது.

ஆக வயித்துக்காக எடுத்த சர்வைவல் ஜாப் டிகிரிய காத்துக்கிட்டு நிக்க வைக்கல, மெல்ல மெல்ல செல்லாததாவே ஆக்கிடுது. வாடகை முதல் மாசமே வந்துடும், லைசென்ஸ் ரெண்டு வருஷம் கழிச்சு தான் வரும், பிரச்சனை முக்கால்வாசி இந்த வரிசைல தான் இருக்கு.

இத ஓரளவு புரிஞ்சுக்கிட்டு 2022 ஜனவரில ஒன்டாரியோ ஒரு ஏற்பாடு கொண்டு வந்துச்சு, நர்சிங் காலேஜும் மாகாண சுகாதார அமைப்பான ஒன்டாரியோ ஹெல்த்தும் சேந்து. மத்த தகுதி எல்லாம் இருந்து சமீபத்திய அனுபவமும் மொழி ஆதாரமும் மட்டும் இடிக்குறவங்கள ஆஸ்பத்திரிலயே மேற்பார்வையில வேலை பாக்க வச்சு, அதையே ஆதாரமா எடுத்துக்குறது. கொரோனா காலத்துல நர்ஸ் தட்டுப்பாடு கழுத்த நெரிச்சப்ப தான் இது வந்துச்சுங்கறத மறந்துடக்கூடாது. வருஷக்கணக்கா கேட்டப்ப வராத வழி அவங்களுக்கு ஆள் தேவைப்பட்டப்ப சட்டுன்னு வந்துச்சு.

டாக்டருக்கு பாதை இன்னும் நீளம். மெடிக்கல் கவுன்சில் எக்ஸாம், அப்புறம் நடிகருங்கள நோயாளியா உக்கார வச்சு நடத்துற நாக் ஆஸ்கி டெஸ்ட், எல்லாம் பாஸ் பண்ணாலும் ரெசிடென்சி சீட்டு, அதாவது ஆஸ்பத்திரில பயிற்சி டாக்டர் இடம் வேணும், அது யாருக்கு எந்த இடம்னு ஜோடி சேக்குற கார்ம்ஸ்ங்கற மேட்சிங் வழியா. வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு ஒதுக்குற சீட்டு கொஞ்சம். அதுக்கு போட்டி போடுறது ஊர்லேர்ந்து வந்த டாக்டருங்க மட்டுமில்ல, கனடாவுலயே பொறந்து அயர்லாந்துலயோ கரீபியன்லயோ மருத்துவம் முடிச்சிட்டு திரும்பி வர்ற பசங்களும் தான். சீட்டு கெடச்சா ஒன்டாரியோ 5 வருஷ பாண்டு போடும், அவங்க அனுமதிக்குற ஊர்கள்ல வேலை பாக்கணும். எல்லா எக்ஸாமும் பாஸ் பண்ணிட்டு சீட்டு இல்லாம உக்காந்திருக்குற டாக்டருக்கு வருஷம் ஆக ஆக வாய்ப்பு குறையும், ஏன்னா ரெசிடென்சி ஆள் எடுக்குறவங்க கேக்குற முதல் கேள்வியே "கடைசியா நோயாளிய எப்ப பாத்தீங்க"ங்கறது தான். இங்கயும் அதே எக்ஸ்பைரி டேட்.

ஏற்கனவே ஊர்ல குடும்ப டாக்டரா ப்ராக்டிஸ் பண்ணவங்களுக்கு 2023ல பிராக்டிஸ் ரெடி ஒன்டாரியோன்னு ஒரு வழி தொறந்தாங்க. திரும்ப ரெசிடென்சி வேணாம், 12 வாரம் ஒரு கிளினிக்ல வேலை பாக்க விட்டு சீனியர் டாக்டர் மதிப்பிடுவாரு, பாஸ் ஆனா டாக்டர் இல்லாத ஊர்ல 3 வருஷம் இருக்கணும். மேனிடோபா, சஸ்காச்சுவன் மாதிரி மாகாணங்கள்ல இந்த மாதிரி ஏற்பாடு முன்னாடியே உண்டு, ஒன்டாரியோ தான் லேட்டு. ஒருத்தருக்கு வேலை தெரியுமான்னு பாக்கணும்னா வேலை குடுத்துப் பாக்குறது தானே நேர்வழி, அத விட்டுட்டு இவ்ளோ வருஷம் பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தாங்க.

இதெல்லாம் ரெகுலேட்டட் தொழில், கனடாவுல மொத்த வேலைல இது அஞ்சுல ஒரு பங்கு தான். மீதி அஞ்சுல நாலு பங்குக்கு லைசென்ஸே கிடையாது, எச்ஆர் மனசு வச்சா போதும். கேக்க ஈசியா இருக்கு, ஆனா அங்க தான் "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா"ங்கற கேள்வி உக்காந்திருக்கு. கவுன்சில்னா எழுதி வச்ச ரூலு இருக்கும், அப்பீல் இருக்கும், எச்ஆர்ல ஒண்ணும் இருக்காது, பதில் மெயிலே வராது. நான் வந்த புதுசுல ஒரு வேர்ஹவுஸ்ல நைட் ஷிப்ட் பாத்துட்டு காலைல வந்து ரெஸ்யூம் அனுப்புவேன், நூத்துக்கு மேல அனுப்பி மூணோ நாலோ பதில் வந்துச்சு. என் ரெஸ்யூம் தான் சரியில்லன்னு ஃபாண்ட்ட மாத்தி மாத்தி வச்சிட்டு இருந்தேன்.

அப்புறம் தான் டொரொன்டோ யுனிவர்சிட்டி பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் ஓரியோபோலஸ் பண்ண ஆராய்ச்சி பத்தி தெரிஞ்சுது. பெரிய டொரொன்டோ பகுதில ஆன்லைன்ல வந்த வேலை விளம்பரங்களுக்கு அவர் டீம் கற்பனையா ரெஸ்யூம் தயார் பண்ணி ஆயிரக்கணக்குல அனுப்புனாங்க, 2011ல வந்த பேப்பர் தலைப்புலயே 13 ஆயிரம் ரெஸ்யூம்னு இருக்கு. பேர மாத்தி, படிச்ச நாட்ட மாத்தி, அனுபவத்த மாத்தி அனுப்பிப் பாத்தாங்க. படிப்பும் அனுபவமும் கனடாவுலயே வாங்குனதா இருந்தாலும், இங்கிலீஷ் பேர் வச்சவங்களுக்கு இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பேர் வச்சவங்கள விட சுமார் 40 சதவீதம் அதிகமா இன்டர்வியூ அழைப்பு வந்துச்சுன்னு முதல் கட்டத்துலயே தெரிஞ்சுது. அனுபவமும் வெளிநாட்டுதுன்னா இன்னும் மோசம். பெரிய காலேஜ் பேர் போட்டும், பன்னாட்டு கம்பெனில வேலை பாத்தேன்னு போட்டும், மொழி நல்லா வரும்னு எழுதியும் இது கொறையல. ஏன் கூப்பிடலன்னு கேட்டா எச்ஆர்காரங்க "இங்கிலீஷ் சரியா வருமோ என்னவோ"ன்னாங்க, ஆனா இங்கிலீஷ் வரும்னு எழுதியிருந்தத அவங்க கணக்குல எடுத்துக்கவே இல்ல. ஃபாண்ட்டு மேல தப்பே இல்ல.

கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறதே பாகுபாடு தான்னு ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லயே கொள்கை வெளியிட்டுச்சு. 2021ல ஒரு சட்டம் வந்து இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், எலக்ட்ரீஷியன் மாதிரி மருத்துவம் சாராத தொழில் கவுன்சிலுங்க அத நிபந்தனையா வைக்கக்கூடாதுன்னுச்சு, 2023 டிசம்பர்ல அது முழுசா அமலுக்கு வந்துச்சு. இன்ஜினியர் கவுன்சில் அதுக்கு முன்னாடியே, 2023 மே மாசம், 12 மாச கனேடிய அனுபவம் வேணும்ங்கறத எடுத்துட்டு, என்ன வேலை தெரியும்னு திறமைய வச்சு பாக்குற முறைக்கு மாறிடுச்சு. மொத்தம் 48 மாச அனுபவம் வேணும்ங்கறது அப்படியே தான் இருக்கு, எங்க வாங்குனதுங்கறது தான் இப்ப விஷயமில்ல. இங்க ஒரு விஷயம் புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்றதில்ல, பி.இன்ஜ்ங்கற இன்ஜினியர் லைசென்ஸ் இல்லாமலேயே லைசென்ஸ் உள்ள இன்ஜினியருக்கு கீழ வேலை பாக்கலாம், கையெழுத்து அவர் போடுவாரு, இன்ஜினியர்ங்கற பட்டத்த மட்டும் நீங்க போட்டுக்கக்கூடாது. இது தெரியாம லைசென்ஸ் வந்ததும் அப்ளை பண்ணலாம்னு வருஷக்கணக்கா காத்திருந்தவங்க இருக்காங்க.

2026 ஜனவரி 1லேர்ந்து ஒன்டாரியோவுல 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனி வேலை விளம்பரத்துலயும் கனேடிய அனுபவம் வேணும்னு போடக்கூடாது. நல்லது தான். ஆனா விளம்பரத்துல எடுத்துட்டு மனசுல வச்சுக்கிட்டா யாரு போய் கேக்குறது, ஓரியோபோலஸ் அனுப்புன ரெஸ்யூமுக்கு பதில் வராதது விளம்பரத்துல இருந்த ஒரு வரியால இல்லையே.

சரி, அப்ப எது தான் வேலை செய்யுது? பட்டியல் போட்டு சொல்ற அளவுக்கு நெறைய ப்ரோக்ராம் இருக்கு, ரெஸ்யூம் எழுதச் சொல்லித்தர்ற வகுப்புக்கு பஞ்சமே இல்ல, நான் ரெண்டு வருஷமா சனிக்கிழமைல அதுக்கு தன்னார்வலரா போறேன், உண்மைய சொல்லணும்னா பாதிப்பேருக்கு ரெஸ்யூம் ஏற்கனவே நல்லாத்தான் இருக்கு. உருப்படியா பலன் குடுக்குறதா எனக்கு படுறது ரெண்டு தான், காசும் ஆளும்.

காசுன்னா தானம் இல்ல, கடன். 2005ல கால்கரில ஆரம்பிச்ச ஒரு அமைப்பு, இப்ப பேர் விண்ட்மில் மைக்ரோலெண்டிங், லைசென்ஸ் எக்ஸாம் ஃபீஸ், கோர்ஸ், புக்கு, படிக்குற காலத்துல வீட்டுச் செலவு இதுக்கெல்லாம் 15 ஆயிரம் டாலர் வரைக்கும் கடன் குடுக்குது. பேங்க் ஏன் குடுக்காதுன்னா புதுசா வந்தவனுக்கு கிரெடிட் ஹிஸ்டரியே கிடையாது, கார் வாங்க லோன் குடுப்பான், கார கட்டி இழுத்துட்டு போலாம்ல, எக்ஸாம இழுத்துட்டு போக முடியாது. அந்த நர்ஸ் அக்காவுக்கு முதல் வருஷமே இப்படி ஒரு கடன் கெடச்சு ஷிப்ட்ட பாதியா கொறச்சிட்டு படிச்சிருந்தா அந்த மூணு வருஷக் கடிகாரம் அவங்கள முந்தியிருக்காது. கடன் வாங்குறது எக்ஸாமுக்கில்ல, நேரத்துக்கு.

ஆளுன்னா அதே தொழில்ல இங்க இருக்குற ஒருத்தர். 2003ல ஆரம்பிச்ச ட்ரியெக்னு ஒரு அமைப்பு டொரொன்டோவுல அடுத்த வருஷத்துலேர்ந்தே மென்டரிங் நடத்துது, அக்கவுன்டன்டுக்கு அக்கவுன்டன்ட், இன்ஜினியருக்கு இன்ஜினியர்னு ஜோடி சேத்து விடும். இத சாதாரணமா நெனைக்காதீங்க. ஊர்ல நமக்கு வேலை எப்படி கெடச்சுது, மாமா சொன்னாரு, சீனியர் சொன்னான், "இந்த கம்பெனில எடுக்குறான் போ"ன்னு ஒருத்தன் சொன்னான். அது தான் இங்க வந்ததும் சுழியமாயிடுது. இங்க நமக்கு தெரிஞ்சவங்க எல்லாம் நம்மள மாதிரியே வேர்ஹவுஸ்ல இருக்குறவங்க, அவங்க பாசமா கூட்டிட்டு போறதும் வேர்ஹவுஸுக்கு தான்.

டொரொன்டோவோட ஸ்கார்பரோ பகுதில ஈழத்தமிழர் கதையே இதுக்கு சாட்சி. 1983 ஜூலைக்கு அப்புறம் வந்தவங்க, 1986 ஆகஸ்ட்ல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல லைஃப்போட்ல மிதந்த 155 பேர மீன்பிடிக்காரங்க காப்பாத்துனாங்களே, அந்தக் காலத்து ஆளுங்க. அவங்களுக்கு பாயிண்டும் கிடையாது ஈசிஏவும் கிடையாது, உயிர் தப்பி வந்தவங்க. என் வீட்டு ஓனர் அண்ணா சொல்வாரு, "தம்பி, நான் ஊரில கணக்கு வாத்தி. இஞ்ச வந்து ரெண்டாம் கிழமையே கோப்பை கழுவப் போயிட்டன், ஏஜென்சிக்குக் குடுத்த காசு வட்டிக்கு வாங்கினதெல்லே, தங்கச்சி ரெண்டு பேர் ஊரில, யோசிக்க எங்க நேரம்". சர்டிபிகேட் எங்கண்ணான்னு கேட்டேன், வீடு எரிஞ்சப்ப போயிடுச்சாம். அவர் பொண்ணு இப்ப ஃபார்மசிஸ்ட், அவர் அத சந்தோஷமாத்தான் சொல்றாரு, ஆனா அவர் கணக்கு வாத்தியாரா இங்க ஒரு நாள் கூட நின்னதில்ல.

அகதிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரில வந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இது தான், எங்கிட்ட பேப்பர் இருக்கு, செல்லுமா செல்லாதாங்கறது தான் கேள்வி. அவர்கிட்ட பேப்பரே இல்ல. ஆப்கானிஸ்தான்லேர்ந்தோ சிரியாலேர்ந்தோ ஓடி வந்தவர் யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு சீல் வச்ச கவர் கேக்க முடியுமா, கேட்டாலே வீட்டாளுக்கு ஆபத்தா முடியலாம். ஜெர்மனி இத ஒரு விதமா சமாளிச்சுது. 2012 ஏப்ரல்ல அங்க வந்த சட்டத்துப்படி வெளிநாட்டுத் தகுதிய மதிப்பிடச் சொல்லி கேக்குறது ஒரு உரிமை, எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், பேப்பர் முழுசா குடுத்துட்டா 3 மாசத்துல பதில் சொல்லணும், முழுசா ஒத்துக்க முடியலன்னா என்ன குறையுதுன்னு எழுத்துல சொல்லணும். பேப்பர் தொலைஞ்சவங்கள பல தொழிலுக்கு நேர்ல வேலை செஞ்சு காட்டச் சொல்லி மதிப்பிடலாம்னும் வச்சாங்க, தச்சரா, பேக்கரா, செஞ்சு காட்டு. டாக்டர் மாதிரி தொழிலுக்கு அங்கயும் வழி நீளம் தான், மொழி வேற ஜெர்மன், அதனால அத சொர்க்கம்னு சொல்ல வரல. கவுன்சில் ஆஃப் யூரோப்ங்கற ஐரோப்பிய நாடுகளோட அமைப்பு 2017லேர்ந்து அகதிகளுக்கு ஒரு தகுதி பாஸ்போர்ட்டும் குடுக்குது, இருக்குற துண்டு துக்கடா ஆதாரத்த பாத்து, உக்கார வச்சு பேசி, இவர் இது படிச்சிருக்காருன்னு நம்பலாம்னு எழுதித் தர்றது. லைசென்ஸ் இல்ல அது, ஆனா பேச்ச ஆரம்பிக்க கையில ஒரு காகிதம்.

கனடா பக்கம் 2018ல ஒரு சின்ன பைலட் ஆரம்பிச்சாங்க, அகதிகள அகதியா கூட்டிட்டு வராம, திறமையுள்ள வேலையாளா கூட்டிட்டு வர்றது. 2016ல தொடங்குன டேலன்ட் பியாண்ட் பவுண்டரிஸ்ங்கற அமைப்பு லெபனான், ஜோர்டான்ல இருந்த அகதிகளோட திறமைய பதிவு பண்ணி கம்பெனிகளோட சேத்து விட்டுச்சு. அதுல மாட்டுன விஷயங்கள பாத்தா சிரிப்பா வரும், குடிவரவுக்கு கையில இவ்ளோ பணம் இருக்குன்னு காட்டணும், அகதிகிட்ட ஏது. பாஸ்போர்ட் செல்லுபடி ஆகணும், ஓடி வந்த நாட்டோட தூதரகத்துக்கு போயா புதுப்பிக்க முடியும். பைலட்ல இதையெல்லாம் தளர்த்துனாங்க. எண்ணிக்கை ரொம்ப சின்னது தான், ஆனா வந்தவங்கள்ல பலர் இங்க வேலை கையில வச்சுக்கிட்டு விமானம் ஏறுனாங்க, வந்து இறங்குன பிறகு அந்தக் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது.

டிகிரி அங்கீகாரம் மட்டும் தான் பிரச்சனைன்னு இன்னும் யாராவது சொன்னா, நம்ம தமிழ்நாட்டு முகாமயே காட்டலாம். 2021ல அகதி முகாம்ங்கற பேர இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க, வீடு கட்டிக் குடுத்தாங்க, நல்ல விஷயம். அங்க வளந்த புள்ளைங்க படிச்சது நம்ம ஊர் ஸ்கூல்ல, நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ்ல, வெளிநாட்டு டிகிரின்னு யாரும் சாக்கு சொல்ல முடியாது, இங்கிலீஷ் பத்தலைன்னும் சொல்ல முடியாது. ஆனா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போடல, சட்டத்துக்கு அவங்க வெளிநாட்டவர், அரசு வேலைக்கு அப்ளை பண்ண முடியாது, பாஸ்போர்ட் கிடையாது, தனியார்ல வெரிஃபிகேஷன் அப்போ முகாம் முகவரிய பாத்ததும் தயங்குறாங்க. அதனால பி.இ. முடிச்சிட்டு பெயின்ட் அடிக்கப் போற பசங்க முகாமுக்கு முகாம் இருக்காங்க. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை இல்ல. கனடாவுல வந்து கோப்பை கழுவுன அண்ணாவுக்கு சில வருஷத்துல குடியுரிமை கெடச்சு பொண்ணு ஃபார்மசிஸ்ட் ஆச்சு, அங்க பையனுக்கு டிகிரி நம்ம ஊர்து, குடியுரிமை தான் இல்ல.

இப்ப கெளம்புறவங்களுக்கு ஒண்ணு, சனிக்கிழமை வகுப்புல நான் எல்லார்கிட்டயும் சொல்றது. ஊர்ல இருக்கும்போதே டிரான்ஸ்கிரிப்ட் ரெண்டு மூணு செட்டு சீல் வச்சு வாங்கி வச்சுக்கங்க, நம்ம யுனிவர்சிட்டிங்கள்ல அது எத்தன நடை நடக்க வைக்கும்னு உங்களுக்கே தெரியும், இங்கேர்ந்து அப்பாவ அனுப்பி வாங்குறது கொடுமை. படிச்ச வருஷத்து சிலபஸ் காப்பி, ஒவ்வொரு பேப்பருக்கும் எத்தன மணி நேரம்ங்கறதோட. நர்ஸ், டாக்டர்னா ஊர் கவுன்சில்லேர்ந்து குட் ஸ்டாண்டிங் லெட்டர், அதாவது உங்க பதிவுல பிரச்சனை ஒண்ணும் இல்லங்கற கடிதம். பழைய ஆஸ்பத்திரிலேர்ந்து எந்த வார்டுல எத்தன மணி நேரம்னு எழுதுன அனுபவ லெட்டர், சும்மா "நல்லவர் வல்லவர்"னு எழுதுனது உதவாது. கவுன்சிலுக்கு அப்ளிகேஷன முடிஞ்சா ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, நெறைய பேருக்கு இது முடியும்னே தெரியல. ஊர்ல வேலைய பேப்பர் போட்டு ஆறு மாசம் முன்னாடியே விட்டுட்டு ரெஸ்ட் எடுக்குறேன்னு உக்காராதீங்க, அந்த மூணு வருஷம் நீங்க கடைசியா வேலை பாத்த அன்னிலேர்ந்து எண்ணுறாங்க, கனடால எறங்குன அன்னிலேர்ந்து இல்ல.